பவளத்துக்குப் பார்த்த மாப்பிள்ளை

எண்பத்தேழாயிரத்து நானூற்று இருபது ரூபாய். யானைப் பூங்கா, தீவன லோடு போடும் பிச்சைக்குத் தர வேண்டிய பாக்கி அது. சோளத்தட்டை, தென்னமட்டை, ஆலங்கொப்பு என்று அஞ்சு மாதமாக அவரும் லோடு இறக்கிக்கொண்டே இருந்தார். பணம் மட்டும் இறங்கிய பாடில்லை. மேலாளர் ரகுநாத்திடம் போய் நின்றால், "ட்ரஸ்ட்டுல இருந்து வரணும் பிச்சை. வந்துச்சுன்னா மொத ஆளு நீதான்" என்பார். மொத ஆளாகவே நின்று நின்று பிச்சைக்குக் கால் கடுத்துப் போயிருந்தது.

குளத்தூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் ரோட்டில், தைலமரக் காட்டைத் தாண்டி இருந்தது அந்தப் பூங்கா. ஒரு செட்டியார் குடும்பம் அந்தக் காலத்தில் ஆசைக்கு யானை வளர்க்க ஆரம்பித்த இடம். பிறகு சட்டதிட்டங்கள் வரவும் அறக்கட்டளை, டிக்கெட்டு, கம்பிவேலி என்று மாறியது. குடும்பம் இப்போது முழுக்கச் சென்னையில். கூட்டமும் வருவதில்லை. மான்களை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள், மயில்கள் தாமாகவே போய்விட்டன. மிச்சம் ரெண்டே யானை. செண்பகம், அவள் மகள் பவளம்.

பிச்சையின் வண்டியும் ஒரு குட்டியானைதான். சின்ன லோடு வண்டிக்கு ஊர் உலகம் வைத்த பேர் அது. பாகன் ஜெபக்குமார் தினமும் கேட்டைத் திறக்கும்போது, "வந்துருச்சுய்யா குட்டி, ஆத்தாளுக்குச் சோறு கொண்டாந்து" என்பான். தினமும் சொல்வதுதான், தினமும் சிரிப்பதுதான். அந்த வண்டிக்கு ரெண்டு டியூ கட்டாமல் நின்றது. மூன்றாவதும் தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று பைனான்சிலிருந்து அரவிந்த்குமார் என்கிற பையன் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மரியாதையான பையன். "அண்ணே, என்னைய சங்கடப்படுத்தாதீங்க" என்று காப்பி வாங்கிக் கொடுத்துத்தான் மிரட்டினான்.

இந்த நெருக்கடியில்தான் ரகுநாத் ஒரு நாள் தானே கூப்பிட்டு விட்டார்.

"பிச்சை, விடிஞ்சிருச்சுப்பா நமக்கு. பவளத்தையும் செண்பகத்தையும் வேற ஸ்டேட்டுல ஒரு பெரிய ஸூவுக்கு அனுப்புறோம். அங்க ஒரு ஆண் யானை இருக்கு. ஜோடி சேக்கப் போறாங்க."

"விக்கிறீகளா?"

"யானைய விக்கக் கூடாது, உள்ள தூக்கிப் போட்டுருவான். ஆனா நாம இத்தன வருசம் பாத்துக்கிட்டதுக்குன்னு ஒரு தொகை தாராங்க. அது வந்த அன்னிக்கே ஒன் பாக்கி பைசா சுத்தமாக் கையில."

யானைகள் போய்விட்டால் தன் லோடும் போய்விடும் என்பது பிச்சைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வராத காசுக்கு எத்தனை நாள் தட்டை ஏற்றுவது? வண்டி கையில் இருந்தால் செங்கல் ஏற்றலாம், பந்தல் சாமான் ஏற்றலாம். அவர் மனசுக்குள்ளேயே கும்பிடு போட்டுக்கொண்டார்.

மறு வாரம் டாக்டர் வித்யா சென்னையிலிருந்து வந்தார். மாட்டு டாக்டர் மாதிரி ஊசி போடுகிற டாக்டர் இல்லை அவர். நாலைந்து மாநிலத்துப் பூங்காக்களில் கிடக்கும் யானைகளில் எதை எதோடு சேர்ப்பது, எந்தக் கூட்டத்தை எங்கே மாற்றுவது என்று திட்டம் போடுவது அவர் வேலை. தீவனத் தொட்டியின் விளிம்பில் லேப்டாப்பை வைத்து விரித்தார். கட்டம் கட்டமாக யானைப் பேர்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடுகள்.

"ஜாதகம்ணே" என்று பிச்சையின் காதில் ஓதினான் ஜெபக்குமார். "பொருத்தம் பாக்குறாக."

"சீர் யாரு செய்யிறது?"

"வேற யாரு, நீங்கதான். ரெண்டு லோடு தட்டை, ஒரு லோடு கரும்பு."

"அதையும் பாக்கியில எழுதிக்கச் சொல்லு."

டாக்டருக்கும் கேட்டுவிட்டது, சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். "பவளத்துக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சு. இன்னும் ஒரு குட்டி போடலை. இப்படியே நாலஞ்சு வருஷம் விட்டுட்டா அப்புறம் தரிக்கிறதே கஷ்டம். தனியா அனுப்பினா ஏங்கிப் போயிடும், அதான் அம்மாவையும் சேர்த்தே அனுப்பறோம். ஆண் இதுதான்." போனில் ஒரு படத்தைக் காட்டினார். "சர்க்கஸ்லேர்ந்து மீட்டது. சர்க்கஸுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சரியாத் தெரியலை. புதுக்கோட்டைப் பக்கம்னு ஒருத்தர் சொன்னார். இங்க பழைய ஆள் நீங்கதானாமே?"

பிச்சை போனை வாங்கி வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். நல்ல உயரம், கொம்பு ரெண்டும் அறுத்து மழுக்கியிருந்தது. இடது காது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கிழிசல்.

"அட, நம்ம மருது!"

"தெரியுமா?"

"தெரியுமாவாங்க? இங்க கெடந்த பயதான். நான் மட்டை வெட்டுற கூலியாளா வந்த புதுசு. கேட்டுக் கம்பியில காதக் கிழிச்சுக்கிட்டு நின்னான். நான்தான் வேப்பெண்ணெ தடவுனேன். கன்னுக்குட்டி கணக்கா அப்ப. பெறகு சர்க்கஸ்காரன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். உசுரோட இருக்கானா!"

டாக்டரின் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்தார். ரத்தம், மரபு என்று கேட்டால் இந்த ஆளுக்கு விளங்காது என்று நினைத்தார் போலிருக்கிறது. இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் சொல்லிலேயே கேட்டுவிட்டார்.

"அப்போ பவளத்துக்கு இவன் பங்காளி ஆகுமா?"

பிச்சைக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. படித்தவர் இவ்வளவு சரியாகக் கேட்கிறாரே என்றுகூட இருந்தது. பொண்ணு பவளம், மாப்பிள்ளை மருது. மருதுவும் செண்பகமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அக்கா தம்பி. பவளத்துக்கு அவன் தாய்மாமன். தாய்மாமன் எப்படிப் பங்காளி ஆவான்?

"சேச்சே, பங்காளி ஆகாதுங்க டாக்டரம்மா. கட்டிக்கிற மொறதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரகுநாத், "பெறகென்ன மேடம், மொறையும் சரியாயிருச்சு" என்றார். டாக்டர் லேப்டாப்பில் எதையோ தட்டினார். "எதுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும். ஆனா மழைக்கு முன்னாடி நகர்த்தியாகணும், அதனால காத்திருக்க முடியாது" என்றார். லாரி வர நாள் குறித்தார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி.

பிச்சை பொய் சொல்லவில்லை. அது அவருக்கு அன்றைக்கும் தெரியும், பின்னாலும் தெரியும்.

மறுநாள் காலையில் சொர்ணவல்லி நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றி மூடும்போது பிச்சை சேதியைச் சொன்னார். பாக்கி வரப்போகிறது, வண்டி தப்பித்தது, பவளத்துக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது.

"அதுவும் யாருங்கிற? தாய்மாமனே கெடச்சுட்டான். மருது. நம்மளாட்டம்."

சொர்ணவல்லி பிச்சையின் அக்கா மகள். பதினெட்டு வயதில் மாமன் கையால் தாலி வாங்கிக்கொண்டவள். இன்றைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். 'நம்மளாட்டம்' என்றால் அவள் வெட்கப்படுவாள், இல்லையென்றால் ஏதாவது எடுத்தெறிந்து பேசுவாள் என்று பிச்சை எதிர்பார்த்தார். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மாவுக்கு அது மாமன்னு தெரியுமா?"

"பங்காளியான்னு கேட்டாக. ஆகாதுன்னேன்."

"மாமன்னு சொன்னீகளா?"

"கேக்கலியே."

"போயிச் சொல்லுங்க மாமா."

"எதுக்குடி?"

அவள் வாசலைப் பார்த்தாள். மகள் ரஞ்சிதா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயசு. பிறந்ததிலிருந்து காது கேளாது, பேச்சும் இல்லை. புதுக்கோட்டையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். அவளுக்கு மூத்தது ஒன்று, ஆண் பிள்ளை. பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது.

"மூத்தது போனப்ப பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டுச்சு, சொந்தத்துல கட்டுனியான்னு" என்றாள் சொர்ணவல்லி. "இல்லைன்னு சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு. ரஞ்சிக்குக் காது கேக்கலைன்னு தூக்கிட்டுப் போனப்ப மறுபடி கேட்டாக. அப்ப ஆமான்னேன். நெருங்குன ரத்தத்துல கட்டுனா இப்புடி ஆகலாம், இன்னொண்ணு வேணாம்மா, யோசிச்சுக்கன்னு சொல்லுச்சு. அன்னிக்கே கையெழுத்துப் போட்டு ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்."

"ஒடம்புக்கு ஆகலைன்னுதானடி சொன்ன?"

"ஒங்ககிட்ட வேற என்னத்தச் சொல்ல? ஒங்க அக்கா மக நானு. எங்க ஆத்தா ஒங்க கையிலதான் குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. யாரைக் கொற சொல்ல?"

பிச்சைக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறியது. "அப்ப ஒன்னையக் கட்டுனது தப்புங்கிற?"

"நான் அதச் சொன்னேனா?"

"வேற எதச் சொல்லுற? ஊருல எவன் அக்கா மகளக் கட்டல? எங்க அப்பன் கட்டல? அவுக பிள்ளைக எல்லாம் செவிடா?"

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கிப் போய்விட்டாள். ரஞ்சிதா குடத்தோடு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார் பிச்சை.

அதற்குப் பிறகு ரெண்டு வாரம் அந்த வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. சொர்ணவல்லி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "சாப்புடுங்க", "குளிங்க", "வண்டிச் சாவி ஆணியில இருக்கு" என்று வேலைக்கு வேண்டிய சொல்லை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பூங்காவில் லாரிக்கான வேலைகள் நடந்தன. ரெண்டு இரும்புக் கூண்டு வந்து இறங்கியது. புறப்படும் அன்றைக்குத் திடீரென்று ஏற்றினால் மிரண்டுவிடும் என்று தினமும் கூண்டுக்குள் கரும்பைப் போட்டுப் பவளத்தைப் பழக்கினான் ஜெபக்குமார். முதல் நாள் துதிக்கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் முன்னங்கால் ரெண்டையும் வைத்தாள். செண்பகம் வெளியே நின்று வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சத்தம் நின்றால் மகள் பின்வாங்கி வெளியே வந்துவிடுவாள்.

"வாடி, வாடி, ஏறு" என்பான் ஜெபக்குமார். "ஆத்தாளும் பின்னாடிதான் வாரா. மாமன் வீட்டுக்குப் போகக் கசக்குதா?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது, வேடிக்கைக்குச் சொல்கிறான். பிச்சைக்கு மட்டும் அந்தச் சொல் நெருஞ்சிமுள்ளாகக் குத்தியது. தட்டைக் கட்டைத் தூக்கி வீசிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

ரகுநாத்திடம் மட்டும் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, மருதுவும் செண்பகமும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்றார்.

ரகுநாத் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிச்சை, ஒன்னைய என்ன கேட்டாங்க?"

"பங்காளியான்னு."

"பங்காளியா?"

"இல்லைங்க."

"அவ்வளவுதான. நீ பொய் சொன்னியா? இல்ல. நான் சொன்னேனா? இல்ல. எனக்கே நாலு மாசச் சம்பளம் வரலைய்யா. எம்பொண்ணு ஹரிணிக்குக் காலேஜ் பீஸு கட்டணும். நீ பாட்டுக்கு வாயத் தொறந்து எல்லாத்தையும் கவுத்துறாத. அந்த ரத்தப் பரிசோதன எதுக்கு இருக்கு? அது சொல்லட்டும்."

"அது வர்றதுக்குள்ள சேத்துட்டா?"

"யானைய்யா அது. காட்டுல என்ன ஜாதகம் பாத்துக்கிட்டா சேருது?"

பிச்சைக்கு அது சமாதானமாகத்தான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும் வரைக்கும் சமாதானமாக இருந்தது.

உண்மையில் அவர் வாயைக் கட்டியது காசு மட்டும் இல்லை. காசு பாதி. டாக்டரம்மாவிடம் போய், "மாமன் மருமகள் சேரக் கூடாதுங்க, குட்டி சரியாப் பொறக்காது" என்று தன் வாயால் சொன்னால், அப்புறம் வீட்டுக்கு வந்து ரஞ்சிதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவளை விட அந்த வீட்டில் சரியாகப் பிறந்தது எது? ஒரு துணியைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். அப்பா எவ்வளவு தூரத்தில் வண்டியை நிறுத்தினாலும் தரை அதிர்வதை வைத்து எழுந்து வந்து கதவைத் திறப்பாள். அவள் பிறந்திருக்கக் கூடாது என்று சொல்வதுபோல் ஆகாதா அது? இதை யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதா கம்பெனி லீவு என்று பூங்காவுக்கு வண்டியிலேயே வந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து வருகிறவள்தான். முன்கையைத் துதிக்கை மாதிரி தூக்கி ஆட்டினால் யானை என்று அர்த்தம். காதில் ஒரு பூ வைத்தால் பவளம். பவளத்தின் முன்னால் போய் நின்று, வயிற்றைப் பெரிதாக வரைந்து காட்டி, பிறகு ரெண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டினாள். அப்பாவைப் பார்த்து, எப்போது என்று விரலை மடக்கி மடக்கிக் கேட்டாள். பவளம் அவள் தோளை முகர்ந்துவிட்டு அவள் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு வாங்கிக்கொண்டாள்.

பிச்சை திரும்பிக்கொண்டு ஆலங்கொப்பை இறக்கினார்.

பத்தாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுச் சொர்ணவல்லி எதிரே உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு உட்கார்ந்தாள்.

"மாமா, ஆனைக்கு எத்தன மாசம்?"

"எதுக்கு?"

"வயித்துல."

"இருவத்தி ரெண்டு."

அவள் விரலால் தரையைத் தேய்த்தாள். "நான் பத்து மாசம் சொமந்தேன். மூணு நாளு வச்சிருந்தேன். நீங்க அப்ப லோடுக்குப் போயி வல்லம் தாண்டிக் கெடந்தீக. பால் குடிக்கல, அழுகல, பாத்துக்கிட்டே கெடந்துச்சு. அதுக்கே எனக்கு இன்னும் ஆறல. அவ ரெண்டு வருசம் சொமக்கணும். அதுவும் வாயில்லாத சீவன். செத்துச்சுன்னா யாருகிட்டப் போயிச் சொல்லுவா? நம்ம ரஞ்சியத் தப்புன்னு நான் எந்தக் காலத்துலயும் சொல்ல மாட்டேன். அவ எனக்குச் சாமி. ஆனா எனக்குத் தெரியாம நடந்துச்சு மாமா. இது ஒங்களுக்குத் தெரிஞ்சே நடக்கப் போகுது."

பிச்சை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "வண்டி போயிரும்டி."

"போகட்டும்."

"ஈசியாச் சொல்லிட்ட."

"ஈசியா இல்ல. போனா நடந்து போவோம். போனைப் போடுங்க."

கையைக் கழுவிவிட்டுப் போட்டார். நாலு தடவை அடித்த பிறகு டாக்டர் எடுத்தார். பின்னால் ஏதோ ரயில் நிலையத்துச் சத்தம்.

"டாக்டரம்மா, நான் பிச்சைங்க. தட்டை போடுற பிச்சை. அன்னிக்குப் பங்காளியான்னு கேட்டீகள்ல?"

"ஆமா, சொல்லுங்க."

"பங்காளி இல்லைங்க. ஆனா மருது செண்பகத்துக்குக் கூடப்பொறந்த தம்பிங்க. ஒரே தாயி. பவளத்துக்குத் தாய்மாமன்."

டாக்டர் மெல்லக் கேட்டார். "கட்டிக்கிற முறைன்னு சொன்னீங்களே?"

"மொறதாங்க. எங்கள்ல தாய்மாமன் கட்டிக்கிற மொறதான். நானே அப்புடித்தான் கட்டியிருக்கேன்."

"ஐயோ" என்றார் டாக்டர். திட்டவில்லை. "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். கூடப் பிறந்ததான்னு நேராக் கேட்டிருக்கணும்."

மறுநாளே வந்துவிட்டார். பூங்காவிலிருந்த பழைய ஆள் ஒருத்தி, முன்பு சாணி அள்ளிய அடைக்கலமேரி, இப்போது மகன் வீட்டில் கீரனூரில் இருந்தாள். அவளிடமும் போய்க் கேட்டுக்கொண்டார். அவளும் அதையே சொன்னாள். டாக்டர் தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கட்டத்திலிருந்த ஒரு கோட்டை அழித்தார். லாரி ரத்தானது.

பிச்சை அவர் பக்கத்தில் போய் நின்றார். ஜெபக்குமார் தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்து கேட்டார். "மனுசருக்கும் அப்புடித்தானாங்க டாக்டரம்மா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணுங்க. காது கேக்காது."

அவர் லேப்டாப்பை மூடி வைத்தார். "வாய்ப்பு கூடும். எல்லாருக்கும் ஆகாது, சிலருக்கு ஆகும். அதுக்கு யாரும் குத்தவாளி இல்லைங்க" என்றார். நல்ல மனசோடு சொன்ன சொல்தான். பிச்சைக்கு அது ஒரு பக்கம் தூக்கிவிட்டது, மறுபக்கம் அமுக்கியது. இத்தனை வருசமாக அவர் அதை ஏதோ நேர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தார். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் ஆறும் என்று யார் சொன்னது?

ரகுநாத் வைத வசவை இங்கே எழுத முடியாது. "ஒன் வாயாலேயே ஒன் காசக் கெடுத்தியே, என் காசையும் சேத்துக் கெடுத்தியே, நாக்குல சனியன வச்சிருக்கியாய்யா" என்பதுதான் அதில் கொஞ்சம் நல்ல பகுதி. அவர் கோபமும் நியாயமானதுதான்.

மூன்றாவது டியூ தவறியது. அரவிந்த்குமார் ரெண்டு ஆளோடு வந்தான். இந்தத் தடவை காப்பி வாங்கித் தரவில்லை. சொர்ணவல்லிதான் மோர் கொடுத்தாள். சாவியைக் கொடுக்கும்போது பிச்சை வண்டிக்குள் ஒட்டியிருந்த சாமிப் படத்தை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டார். பின்தட்டில் ஒட்டியிருந்த தட்டைச் சருகை யாரும் கூட்டவில்லை. அதோடேயே வண்டி போனது. ரஞ்சிதா வாசலில் நின்று பார்த்தாள்.

அதன் பிறகு பிச்சை செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போனார். பூங்காவுக்குத் தட்டையை வேறு ஒருத்தன் ரொக்கத்துக்குக் கொண்டுவந்து போட்டான். அதுவும் பாதி வயிற்றுக்குத்தான் என்று ஜெபக்குமார் போனில் புலம்பினான். மழைக்காலம் முழுவதும் டாக்டர் வித்யா புதுத் திட்டத்துக்கு அலைந்திருக்கிறார். வேறொரு மாநிலத்தில் வேறொரு பூங்கா, அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு ஆண். தாயும் மகளும் சேர்ந்தே போகலாம். ஆனால் அந்தப் பூங்கா அரசாங்கத்துடையது. லாரிச் செலவு தரும், கவனித்துக்கொள்ளும். வேறு காசு ஒத்தப் பைசா கிடையாது. சென்னையிலிருந்த குடும்பம் அதற்கும் சரி என்றது. தீனிச் செலவு ஒழிந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவர்களுக்கு. ரத்தப் பரிசோதனை முடிவும் இதற்கிடையில் வந்தது. பிச்சை சொன்னதைத்தான் அதுவும் சொன்னதாம்.

தை பிறந்ததும் லாரி வந்தது. பிச்சை சூளையில் லீவு சொல்லிவிட்டு, சொர்ணவல்லியையும் கூட்டிக்கொண்டு டவுன்பஸ்ஸில் வந்திருந்தார். வழியில் இறங்கி ஒரு கட்டுக் கரும்பு வாங்கித் தோளில் தூக்கி வந்தார். இத்தனை நாள் கழித்து அவரைக் கண்டதும் பவளம் துதிக்கையை அவர் சட்டைப் பைக்குள் விட்டுத் துழாவினாள். விலா எலும்பு தெரிந்தது. சொர்ணவல்லி தள்ளி நின்றுதான் பார்த்தாள். அவளுக்கு எப்போதும் யானையென்றால் பயம். கூண்டுக்குள் பவளம் ஏறினாள், செண்பகம் அடுத்ததில் ஏறினாள். போகிற இடத்திலாவது பவளம் தரிப்பாளா, தரித்தாலும் நல்லபடியாகப் பிறக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார். லாரி தைலமரக் காட்டுக்குள் திரும்பும் வரை செண்பகத்தின் அந்த வயிற்றுச் சத்தம் கேட்டது.

அன்றைக்கே பாக்கிக்காரர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அறக்கட்டளையின் ஆள் அடைக்கப்பன் சென்னையிலிருந்து வந்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். தங்கக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, பேச்சு மெதுவாக இருந்தது.

"உட்காருங்க பிச்சை. பூங்காவை மூடுறோம். எங்களால முடிஞ்சது இதுதான். எல்லாருக்கும் ரூபாய்க்கு நாலணா. உங்களுக்கு இருபத்தோராயிரத்து எண்ணூத்தம்பத்தஞ்சு வருது. சம்மதம்னா முழுக் கணக்கும் தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டுட்டு இப்பவே வாங்கிக்கலாம். இல்லைன்னா கேஸு போடுங்க, நான் தப்பா நெனக்க மாட்டேன்."

கேஸ் போடுவதற்கு வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய காசு அதைவிடக் கூட ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்தில் நின்ற ரகுநாத் குனிந்து பேப்பரை நகர்த்தினார். அவருக்கும் நாலணாக் கணக்குத்தான். கோபம் ஆறிப் போயிருந்தது, குரலில் சலிப்பு மட்டும் மிச்சம். "அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா முழுசும் வந்திருக்கும் பிச்சை. வண்டியும் நின்னுருக்கும். வயிறு எரியலையா?"

"எரியாம இருக்குமாங்க?" என்றார் பிச்சை.

அவர் சொர்ணவல்லியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரோரம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிச்சை பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக, கோணல் விழாமல், பேர் முழுவதையும் எழுதி முடித்தார். அடைக்கப்பன் நோட்டுகளை எண்ணி நீட்டினார். பிச்சை எண்ணாமல் வாங்கிச் சொர்ணவல்லியிடம் கொடுத்தார், அவள் நின்ற இடத்திலேயே ரெண்டு தடவை எண்ணினாள். ரகுநாத் மீதித் தொகையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'தள்ளுபடி' என்று எழுதினார்.